மார்பகப் புற்று ஊசி ஒரு குப்பிக்கு இவ்வளவு விலை ஏன்? ஆன்டிபாடி ஆலைக்குள் என்னதான் நடக்கிறது?

மணிமுத்தாறு

வணக்கம். சித்திக்கு மார்பகப் புற்று, ஹெர்2 பாசிட்டிவ் (புற்றுச் செல்லில் ஹெர்2 என்ற புரதம் மிகையாக இருக்கும் வகை). அறுவை முடிந்து இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தை (அந்தப் புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் இன்னொரு புரதம்) ஏற்றுகிறார்கள். பில் பார்க்கிற பொறுப்பு என்னுடையது (பிழைப்பும் அதுதான், ஆடிட்டர் ஆபீஸ்). படுக்கை, நர்ஸ், டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றையும் கூட்டினாலும் மருந்து ஒன்றின் தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இத்தனைக்கும் இது வெளிநாட்டு அசல் மருந்து இல்லை, இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர், அதாவது அசலை ஒத்துச் செய்த மாற்று.

குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு மாமா 'இதைத் தயாரிக்க ஆகிற செலவு சொற்பம், மிச்சமெல்லாம் கொள்ளை' என்கிறார். இன்னொருவர் 'உயிருள்ள செல்லில் வளர்க்கிற மருந்து, விலை அப்படித்தான் இருக்கும்' என்கிறார். எது உண்மை? இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் இங்கே சிலர் உண்டு என்று தெரியும். தயாரிப்புச் செலவு, லாபம், பேட்டன்ட் என்று பிரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தொட்டிக்காரன்

பெங்களூரில் ஒரு பயோலாஜிக்ஸ் ஆலையில் (உயிருள்ள செல்லில் மருந்து செய்யும் ஆலை) பயோரியாக்டர், அதாவது செல் வளர்க்கும் தொட்டி, பக்கம் இருக்கிறேன். நீங்கள் கணக்குக்காரர், அதனால் கணக்கிலேயே தொடங்குகிறேன்.

சித்தி 60 கிலோ என்று வையுங்கள். முதல் டோஸ் கிலோவுக்கு 8 மில்லிகிராம், அடுத்தடுத்து கிலோவுக்கு 6. ஓராண்டில் 18 டோஸ் என்றால் 480 + 17 × 360 = 6,600 மில்லிகிராம். வருஷம் முழுவதற்கும் 6.6 கிராம் புரதம்.

இப்போது ஆலைக்கு வருவோம். 2,000 லிட்டர் தொட்டி ஒன்று. லிட்டருக்கு 4 கிராம் ஆன்டிபாடி வருவது இன்றைக்குச் சாதாரணம். 80களில் மில்லிகிராமில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆக 8 கிலோ. சுத்திகரிப்பில் 30 விழுக்காடு போனாலும் 5.6 கிலோ கையில் நிற்கும். 6.6 கிராமால் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 850 பெண்களுக்கு ஓராண்டு மருந்து. ஒரே தொட்டி, ஒரே பேட்ச், தொட்டிக்குள் இருப்பது இரண்டு வாரம்.

பெரிய ஆலை, நிற்காமல் ஓடுகிறது என்றால் புரதத்தின் செலவைக் கிராமுக்கு 100 டாலருக்கும் கீழே கொண்டுவரலாம் என்று 2009 வாக்கிலேயே துறைக்குள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். 100 என்றே வைத்தாலும் சித்தியின் ஓராண்டுக்கு 660 டாலர். நம் பணத்தில் ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேலே. 2014இல் பயோகானின் கேன்மாப் சந்தைக்கு வந்தபோது 440 மில்லிகிராம் குப்பி ஒன்றுக்கே 57,500 ரூபாய் விலை போட்டிருந்தார்கள்.

ஆகவே வாட்ஸப் மாமா சொல்வதில் பாதி உண்மை. 'பெரிய ஆலை, நிற்காமல் ஓடுகிறது என்றால்' என்று ஒரு நிபந்தனை போட்டேன் பாருங்கள், மீதிப் பாதி அதற்குள் இருக்கிறது.

கணக்கன்

நிபந்தனையெல்லாம் எதற்கு? பேட்டன்ட்தான் காரணம், வேறென்ன. மூட்டுவாதத்துக்கான ஆன்டிபாடி ஹ்யூமிராவைப் பாருங்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002 டிசம்பர் 31. ஐரோப்பாவில் பயோசிமிலர் 2018 அக்டோபரில் வந்துவிட்டது. அமெரிக்காவுக்கு எப்போது வந்தது? 2023 ஜனவரி. அதே புரதம், அதே செல், நடுவில் நாலு வருஷத்துக்கு மேல் இடைவெளி. மூல பேட்டன்ட் 2016லேயே முடிந்துவிட்டது. ஊசியில் கலக்கும் உப்பு, மருந்தின் அளவு, எந்த நோய்க்குக் கொடுப்பது, எப்படித் தயாரிப்பது என்று நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டன்ட்களை அடுக்கி வேலி போட்டார்கள். ஒவ்வொன்றாக உடைக்க வழக்குச் செலவு தாங்காது என்று போட்டியாளர்கள் சமரசம் செய்துகொண்டு தேதி வாங்கிப் போனார்கள். 2022இல் மட்டும் அந்த ஒரு மருந்தின் உலக விற்பனை 2,100 கோடி டாலருக்கு மேல்.

ஐரோப்பாவில் போட்டி வந்த உடனே சில நாடுகளின் டெண்டரில் அசல் கம்பெனியே 80 விழுக்காடு வரை விலையை இறக்கியது. 80 விழுக்காடு இறக்கியும் விற்க முடிகிறது என்றால் தயாரிப்புச் செலவு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்காரன்

கணக்கன் சார், அமெரிக்கக் கதை சரி. ஆனால் மணிமுத்தாறு கேட்பது இந்தியக் கதை. ட்ராஸ்டுசுமாபுக்கான இந்திய பேட்டன்டை அசல் கம்பெனியான ரோஷ் 2013லேயே கைவிட்டுவிட்டது. அப்புறமும் 2014 தொடங்கி டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு இழுத்தடித்தது உண்மைதான். ஆனால் அது லேபிளில் என்ன எழுதலாம், யாருடைய சோதனைத் தரவைக் காட்டி அனுமதி வாங்கலாம் என்ற சண்டை. பேட்டன்ட் இல்லாத ஊரிலும் விலை ஒரே நாளில் தரைக்கு வந்துவிடவில்லையே. அதற்குக் காரணம் சொல்லுங்கள்.

பவானி

நான் சுத்திகரிப்பிலும் பிறகு தரக்கட்டுப்பாட்டிலும் இருந்தவள். எல்லோரும் தொட்டியையும் கோர்ட்டையும் பற்றியே பேசுகிறீர்கள், இடையில் நடப்பதையும் யாராவது சொல்ல வேண்டாமா?

தொட்டியிலிருந்து வருவது மருந்து இல்லை. செத்த செல், அதன் டி.என்.ஏ., செல்லின் சொந்தப் புரதங்கள், நுரை அடக்க ஊற்றிய மருந்து என்று எல்லாம் கலந்த கலங்கல். முதலில் செல்லைப் பிரித்து எடுப்போம். அப்புறம் புரோட்டீன் ஏ. Y வடிவ ஆன்டிபாடியின் தண்டுப் பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ரெசின் (நுண்மணிகள்) அது. லிட்டர் பத்தாயிரம் டாலரைத் தொடும். பெரிய ஆலையில் ஓர் உருளைக்குள் நூறு லிட்டருக்கு மேல் நிரப்பியிருப்பார்கள். அதைக் கையாளும் ஆபரேட்டர் வீட்டுக்குப் போனாலும் அதே நினைப்பாகத்தான் இருப்பார். ரெசினைக் கழுவி, அமிலத் தாங்கலை விட்டால் திரையில் கோடு செங்குத்தாக ஏறி உச்சியில் சமமாக நிற்கும். அந்தச் சில நிமிடத்தில் வெளியே வருவதுதான் ஆன்டிபாடி. அடுத்து அதே அமிலத்திலேயே ஒரு மணி நேரம் போல வைத்திருப்போம், வைரஸ் ஏதும் இருந்தால் செத்துப் போகட்டும் என்று. பின்னும் ஒன்றிரண்டு ரெசின், 20 நானோமீட்டர் துளை உள்ள வைரஸ் வடிகட்டி (ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவது, விலையைக் கேட்டால் தலை சுற்றும்), கடைசியில் செறிவாக்கிப் பைகளில் உறைய வைப்பது.

இதெல்லாம் உழைப்பு. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஆன்டிபாடியின் தண்டில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும். அதில் ஃப்யூக்கோஸ் என்கிற ஒரு சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, புற்றுச் செல்லைக் கொல்ல நம் உடம்பின் கொலையாளிச் செல்லைக் கூப்பிடும் வலு மாறும். ஊட்டக் கலவையில் ஒரு சின்ன மாற்றம், தொட்டி வெப்பத்தில் அரை டிகிரி, ஓட்டத்தை ஒருநாள் தள்ளி முடித்தது, எது வேண்டுமானாலும் அந்தச் சர்க்கரையை நகர்த்தும். கொரியாவின் சாம்சங் பயோஎபிஸ் ட்ராஸ்டுசுமாப் பயோசிமிலர் செய்யும்போது ஒப்பீட்டுக்காக அசல் ஹெர்செப்டினை ஆண்டுக்கணக்கில் வாங்கி அளந்து பார்த்தது. 2018 ஆகஸ்ட் முதல் 2019 டிசம்பர் வரை காலாவதித் தேதி போட்டிருந்த சில பேட்ச்களில் அசல் மருந்தே நகர்ந்திருந்தது. 2017இல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். எந்த அளவுகோலுக்குப் பொருத்திக் காட்ட வேண்டுமோ அந்த அளவுகோலே நடுவில் நகர்ந்தால் பயோசிமிலர்காரன் என்ன செய்வான்?

பாராசிட்டமால் மாத்திரை போல 'அதே மூலக்கூறு, முடிந்தது' என்று இங்கே சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். ஒப்புமையைக் காட்ட ஒரு பயோசிமிலருக்கு ஏழெட்டு ஆண்டும் 10 கோடி டாலரிலிருந்து 30 கோடி டாலர் வரையும் ஆகும் என்பது மேலை நாட்டு அனுமதிக்குப் போகிறவர்கள் சொல்லும் கணக்கு. சாதாரண மாத்திரை ஜெனரிக்குக்கு அதில் சிறு துளிதான் ஆகும்.

மணிமுத்தாறு

பவானி அக்கா, நல்ல விளக்கம், நன்றி. ஒரு சந்தேகம். அந்த 10 கோடி டாலர் ஒருமுறை செலவுதானே? விற்பனை பெருகப் பெருக அது கரைந்துவிடாதா?

சோங்டோ சுப்பு

கரையும், விற்றால்.

இன்சியோன் பக்கத்தில் சோங்டோவில் இருக்கிறேன், கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். ஜன்னலைத் திறந்தால் ஆன்டிபாடி ஆலைகள்தான். தொட்டிக்காரன் சொன்ன நிபந்தனையை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஆன்டிபாடி ஆலை என்பது கல்யாண மண்டபம் மாதிரி. முகூர்த்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வட்டி, வாட்ச்மேன், கரன்ட் பில் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஆலைக்கு மேலும் ஒரு தொல்லை: கட்டி, சோதித்து, அதிகாரிகள் வந்து பார்த்து அனுமதி கொடுக்க நாலைந்து வருஷம் ஆகும். மருந்து வேலை செய்யுமா என்று தெரிவதற்கு முன்பே அஸ்திவாரம் போட்டாக வேண்டும்.

இரண்டு பக்கமும் அடிபட்டவர்கள் உண்டு. மூட்டுவாதத்துக்கான என்ப்ரெல் 1998இல் வந்தது (கறாராகச் சொன்னால் அது ஆன்டிபாடித் தண்டில் ஒட்டவைத்த புரதம், ஆனால் ஆலை அதே வகை). இம்யூனெக்ஸ் கம்பெனி தேவையைக் குறைத்து எடைபோட்டுவிட்டது. மொத்தத் தயாரிப்பும் ஜெர்மனியில் ஒரே ஒப்பந்த ஆலையை நம்பி இருந்தது. புது நோயாளிகளைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். அந்த இடைவெளியில் போட்டி மருந்து ரெமிகேட் வளர்ந்துவிட்டது. ரோட் ஐலண்டில் இன்னொரு ஆலையை விலைக்கு வாங்கித் தயார்செய்து முடிப்பதற்குள் கம்பெனியையே ஆம்ஜென் வாங்கிவிட்டது, 2002இல்.

எதிர்ப்பக்கம் பயோஜென். அல்சைமர் ஆன்டிபாடியை நம்பி சுவிட்சர்லாந்தின் சோலோதூர்ன் பகுதியில் பெரிய ஆலை கட்டினார்கள். அடுகானுமாபுக்கு 2021இல் அனுமதி வந்தது, ஆண்டுக்கு 56,000 டாலர் விலை வைத்தார்கள், வாங்க ஆளில்லை. பாதியாகக் குறைத்தும் நடக்கவில்லை. 2024இல் மருந்தையே கைவிட்டார்கள். அடுத்த அல்சைமர் ஆன்டிபாடி லெகானிமாப் வந்ததால் ஆலைக்கு வேலை கிடைத்தது.

அதனால்தான் 'நான் மண்டபம் மட்டும் கட்டுகிறேன், கல்யாணம் உங்களுடையது' என்கிற தொழில் இங்கே வளர்ந்தது. சாம்சங் பயோலாஜிக்ஸ் 2011இல் தொடங்கியது. 2025இல் ஐந்தாவது ஆலையும் சேர்ந்து மொத்தக் கொள்ளளவு 7,84,000 லிட்டர். பிறருடைய மருந்தை வரிசையாக ஓட்டித் தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. சுவிட்சர்லாந்தின் லோன்சா இதில் பழம் தின்று கொட்டை போட்ட கம்பெனி. அவர்களே 2024இல் கலிபோர்னியா வேகவில்லில் ரோஷிடமிருந்து 3,30,000 லிட்டர் ஆலையை 120 கோடி டாலருக்கு வாங்கினார்கள். கட்டுவதைவிட வாங்குவது வேகம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

கணக்கன்

செல்ட்ரியான் கம்பெனியை விட்டுவிட்டீர்களே சுப்பு.

சோங்டோ சுப்பு

அதைச் சொல்லாமலா. தேவூ மோட்டாரில் வேலை பார்த்து, 97 நிதி நெருக்கடிக்குப் பிறகு வேலை போன சோ ஜுங்ஜின் தொடங்கியது. உயிரியல் படித்தவர் இல்லை. 2002இல் கலிபோர்னியாவின் வேக்ஸ்ஜென்னோடு சேர்ந்து, எய்ட்ஸ் தடுப்பூசி தயாரித்துக் கொடுப்பதாகச் சொல்லி ஆலை கட்ட இறங்கினார்கள். மறுவருஷமே தடுப்பூசி சோதனையில் தோற்றுவிட்டது. ஆலை பாதி எழும்பி நிற்கிறது, போட வேண்டிய மருந்து இல்லை! வேறோர் அமெரிக்கக் கம்பெனியிடம் 2005இல் ஒப்பந்தத் தயாரிப்பு வாங்கி உயிர் பிழைத்தார்கள். அதில் தொழிலைக் கற்றுக்கொண்டு, ரெமிகேடின் பயோசிமிலரான ரெம்சிமாவுக்கு 2012இல் கொரியாவிலும் 2013இல் ஐரோப்பாவிலும் அனுமதி வாங்கினார்கள். உலகின் முதல் ஆன்டிபாடி பயோசிமிலர் என்று இங்கே எல்லோரும் பெருமை பேசுவார்கள்.

தொட்டிக்காரன்

அங்கே ஓர் ஆட்சேபணை! ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் ரிட்டுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடிக்கு மாற்றாக ரெடிடக்ஸை 2007லேயே இந்தியாவில் விற்கத் தொடங்கிவிட்டது, அசலுக்குப் பாதி விலை அளவில். ஜைடஸ் 2014 டிசம்பரில் உலகிலேயே முதலாவதாக அடாலிமுமாப் (ஹ்யூமிராவின் மருந்துப் பெயர்) மாற்றை இறக்கியது, அமெரிக்காவுக்கு அது வருவதற்கு எட்டு வருஷம் முன்னால். நாம்தான் முதல்.

பவானி

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2007இல் இந்தியாவில் பயோசிமிலருக்கென்று தனி வழிகாட்டுதலே கிடையாது. அது வந்தது 2012இல். ஐரோப்பிய அளவுகோலில் ஒப்பிட்டுக் காட்டி வந்த முதல் ஆன்டிபாடி என்றால் ரெம்சிமாதான். ரெடிடக்ஸ் நோயாளிகளுக்கு உதவியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டும் ஒரே பந்தயம் இல்லை. நம் கம்பெனிகளும் பிறகு அந்தப் பந்தயத்தில் இறங்கினார்கள். பயோகானும் மைலனும் சேர்ந்து செய்த ஓகிவ்ரி 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ட்ராஸ்டுசுமாப் பயோசிமிலர்.

கரிசல்பொண்ணு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், பயோடெக் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆன்டிபாடி வியாபாரம் என்றாலே எல்லோரும் 1975இல் ஒற்றை ஆன்டிபாடி செய்யும் வழியைக் காட்டிய கோலர், மில்ஸ்டைனிலிருந்து தொடங்குகிறார்கள். பெரிங் குதிரைச் சீரம் விற்றதெல்லாம் 1890களிலேயே நடந்ததுதானே? பாம்புக்கடி மருந்தும் ஆன்டிபாடிதான். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு விஷம் எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறது. அவர்கள் கொடுக்கும் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித்தான் இந்தியாவின் பெரும்பாலான விஷமுறிவு மருந்து வருகிறது. நம்மூரும் இந்தத் தொழில் சங்கிலியில் ஒரு கண்ணி!

சோங்டோ சுப்பு

சபாஷ். இது பலருக்குத் தெரியாது.

பவானி

அருமை கரிசல்பொண்ணு. அதோடு வெறிநாய்க்கடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழமான கடிக்கு ஊசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் ஆன்டிபாடி முன்பெல்லாம் குதிரையிலிருந்தோ மனித ரத்தத்திலிருந்தோ மட்டும்தான் வரும். குதிரையினுடையது கிலோவுக்கு 40 யூனிட், மனிதருடையது 20. சீரம் இன்ஸ்டிட்யூட் அமெரிக்காவின் மாஸ்பயோலாஜிக்ஸோடு சேர்ந்து செய்த ரேபிஷீல்டு தொட்டியில் வளர்த்த ஒற்றை ஆன்டிபாடி, கிலோவுக்கு 3.33 யூனிட் போதும். 2016இல் இந்தியாவில் அனுமதி. பணக்கார நாட்டுக்கு இந்த மருந்தில் அக்கறை இல்லை, ஆனாலும் செய்ய முடிந்தது. ஆன்டிபாடி என்றாலே லட்சத்தில்தான் இருக்கும் என்பதற்கு எதிராக நான் எப்போதும் காட்டும் உதாரணம் இதுதான்.

கணக்கன்

சரி, ஒப்புக்கொள்கிறேன், ஆலை விஷயம் பெரிதுதான். ஆனால் இந்த 'செல் உயிருள்ளது, கஷ்டம்' என்கிற பேச்சைக் கம்பெனிகள் கேடயமாகப் பிடிப்பதும் நடக்கிறது. உண்மையில் எவ்வளவு அடிக்கடி பேட்ச் கெட்டுப்போகிறது? ஆலைக்காரர்கள் யாராவது மனம்விட்டுச் சொல்வீர்களா?

தொட்டிக்காரன்

நல்ல ஆலையில் அபூர்வம். ஆனால் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். பெயர் வேண்டாம், நான் முன்பு இருந்த இடம்.

திரவ நைட்ரஜனிலிருந்து ஒரு மில்லிலிட்டர் குப்பியை எடுத்து உருக்குவதில் தொடங்கும். சீன ஹேம்ஸ்டரின் சூலகச் செல், 1957இல் பிரித்தெடுத்த வம்சத்தின் வாரிசு. குடுவை, ஆட்டும் பை, 50 லிட்டர், 200, 2,000 என்று படிப்படியாக ஏற்ற மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். தினமும் காலையில் மாதிரி எடுத்து உயிரோடு எத்தனை விழுக்காடு, குளுக்கோஸ் எவ்வளவு, லாக்டேட் எவ்வளவு என்று பார்ப்போம். அன்றைக்கு ஏழாம் நாள். காலை ஷிப்ட் பையன் ஓடி வந்து, ஆக்சிஜன் திடீரென்று ஏகத்துக்கு இழுக்கிறது, பி.எச். இறங்குகிறது என்றான். திரையைப் பார்த்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது, யாரும் வாயைத் திறக்கவில்லை. மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் செல்களுக்கு நடுவே கோல் கோலாக பாக்டீரியா ஊர்கிறது. எங்கள் செல் இரட்டிப்பாக ஒரு நாள் ஆகும், அவனுக்கு அரை மணி நேரம். மொத்தத்தையும் கொன்று சாக்கடைக்கு அனுப்பினோம். ஒரு மாதப் பொருள் போனது ஒரு பக்கம். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த பேட்ச் கிடையாது என்பதுதான் பெரிய அடி. கடைசியில் காரணம் ஒரு குழாய் இணைப்பின் ரப்பர் வளையம்.

பாக்டீரியாவாவது உடனே காட்டிக்கொடுத்துவிடும். வைரஸ் அப்படியில்லை. பாஸ்டன் ஆல்ஸ்டனில் ஜென்ஸைம் ஆலையில் 2009இல் வெசிவைரஸ் 2117 புகுந்தது. ஆன்டிபாடி ஆலை இல்லை, இதே செல்லில் அரிய நோய்களுக்கான நொதி தயாரிக்கும் ஆலை. மூடிச் சுத்தம் செய்தார்கள். உலகம் முழுக்க கோஷே, ஃபேப்ரி நோயாளிகள் அளவைக் குறைத்து, முறை வைத்து மருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 2010இல் அமெரிக்க அரசுக்கு 17.5 கோடி டாலர் கட்டினார்கள். 2011இல் கம்பெனி சனோஃபியிடம் போய்ச் சேர்ந்தது.

ஆக, அடிக்கடி கெடுவதில்லை. ஆனால் கெடாமல் பார்த்துக்கொள்ளக் கட்டிய காற்றறை, தண்ணீர், சோதனைக்கூடம், காகிதம் எல்லாவற்றின் செலவும் தொட்டி ஓடாத நாளிலும் ஏறிக்கொண்டே இருக்கும். சுப்பு சொன்ன மண்டபக் கணக்கு இதுதான்.

ஸ்காபரோ வாணன்

கனடாவிலிருந்து ஒரு நோயாளியாகச் சொல்கிறேன். எனக்கு குடல் அழற்சி நோய், இன்ஃப்ளிக்ஸிமாப் (ரெமிகேடின்ரை மருந்துப் பெயர்) ஏத்துறவங்கள். ஒன்டாரியோவிலை 2023 மார்ச்சிலை அரசாங்கம் பயோசிமிலருக்கு மாறச் சொல்லிப் போட்டுது, வருட முடிவுக்குள்ளை மாற வேணும். பிரிட்டிஷ் கொலம்பியா 2019இலேயே தொடங்கிவிட்டது. முதல் தடவை ஏத்தும்போது எனக்கும் பயம்தான். பிறகு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. சுப்பு அண்ணை சொன்ன கொரியன் மருந்துதான் எனக்கு ஏறுது எண்டு இப்பதான் தெரியும். 

இங்கை அரசாங்கமே விலை பேசி மாறச் சொல்லுது. அமெரிக்காவிலை இருக்கிற மச்சானுக்கு அப்படி இல்லை, காப்புறுதிக் கொம்பனி எதைச் சொல்லுதோ அதுதான்.

கணக்கன்

வாணன் தொட்டது முக்கியமான இடம். 2023 ஜனவரியில் ஆம்ஜென் ஹ்யூமிராவுக்கு மாற்றாக ஆம்ஜெவிட்டாவை அமெரிக்காவில் இறக்கியபோது ஒரே மருந்துக்கு இரண்டு விலை வைத்தது. ஒன்று அசலைவிட 5 விழுக்காடு குறைவு, மற்றது 55 விழுக்காடு குறைவு. ஏன் தெரியுமா? அதிக விலை வைத்தால்தான் நடுவில் இருக்கும் மருந்துப் பலன் மேலாளர்களுக்கு (எந்த மருந்துக்குக் காப்பீடு என்று பட்டியல் போடும் இடைத்தரகர்கள்) பெரிய தள்ளுபடி கொடுக்க முடியும், அவர்களும் பட்டியலில் சேர்ப்பார்கள். குறைந்த விலைக்காரனுக்குப் பட்டியலில் இடம் கிடைப்பதே கஷ்டம். ஒரு வருஷம் முழுக்க ஹ்யூமிரா அசையவே இல்லை. 2024 ஏப்ரலில் அப்படிப்பட்ட மேலாளரான சி.வி.எஸ். தன் பட்டியல்களிலிருந்து ஹ்யூமிராவைத் தூக்கிவிட்டு, தானே தொடங்கிய துணைக் கம்பெனி வழியாக சாண்டோஸின் மாற்றை வைத்தது. அதற்கப்புறம்தான் சந்தை நகர்ந்தது. தொட்டி, சர்க்கரைச் சங்கிலி எதுவும் இதில் மாறவில்லை, கவனியுங்கள்.

மருந்துக்கிடங்கு

தாமதமாக வருகிறேன். கோயம்புத்தூர் பக்கம் மருத்துவமனை ஃபார்மசியில் புற்று மருந்து கலக்குவது என் வேலை. மணிமுத்தாறு, உலகக் கதை இருக்கட்டும், உங்கள் பில்லுக்கு வருகிறேன்.

முதலாவது, ட்ராஸ்டுசுமாப் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, உச்சவிலை உண்டு. ஆனால் அட்டையில் அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. இன்றைக்கு இந்தியாவில் இதை விற்கும் கம்பெனிகள் பல. ஒரு பிராண்டைச் சொல்லி 'இதையே போடுவீர்களா, என்ன விலைக்கு' என்று எழுதிக் கேளுங்கள். நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் ஒரே விலை இல்லை, இதுதான் எங்கள் துறையின் லட்சணம்.

இரண்டாவது, மிச்சம். 440 குப்பியில் வருவது தூள். கூடவே பாதுகாப்புப் பொருள் கலந்த 20 மில்லி தண்ணீர் வரும். அதை ஊற்றி மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துப் போகும். அந்தத் தண்ணீரில் கரைத்தால் 2 முதல் 8 டிகிரியில் 28 நாள் தாங்கும். சித்திக்கு 360 போக 80 மிச்சம். அடுத்த டோஸ் 21ஆம் நாள், அதாவது கெடுவுக்குள். அந்த 80ஐக் குப்பையில் போடுகிறார்களா, அடுத்த முறைக்கு எடுத்து வைக்கிறார்களா, அல்லது இன்னொருவருக்குப் போட்டுவிட்டு முழுக் குப்பிக்கு உங்களிடமே காசு வாங்குகிறார்களா? வெறும் தண்ணீரில் கரைத்தாலோ 150 குப்பி வாங்கினாலோ இது பொருந்தாது, வைத்திருக்கக்கூடாது.

மணிமுத்தாறு

சார், இதை யாருமே சொல்லவில்லையே! ஒவ்வொரு முறையும் முழுக் குப்பி போட்டிருக்கிறார்கள். நாளைக்கே கேட்கிறேன். டோஸ் எண்ணிக்கையைக் குறைக்க வழி உண்டா? 18 கட்டாயமா?

மருந்துக்கிடங்கு

அது உங்கள் டாக்டர் முடிவு, நான் சொல்லக்கூடாது. ஆனால் கேள்வி நியாயமானதுதான். பிரிட்டனில் பெர்செஃபோன் என்ற சோதனையில் 4,000 பெண்களுக்கு மேல் சேர்த்து, ஆறு மாதமும் போதும், பன்னிரண்டு மாதத்தைவிடத் தாழ்வில்லை, இதயப் பாதிப்பும் குறைவு என்று 2019இல் வெளியிட்டார்கள். பிரான்சில் இதே கேள்விக்கு நடந்த ஃபேர் சோதனை அப்படி நிரூபிக்கவில்லை. அதனால் ஓராண்டு என்பதே வழக்கமாக இருக்கிறது. நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதைப் பொறுத்து டாக்டர் பேசுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருந்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனைக்குக் கம்பெனி காசு போடாது. அது அரசோ ஆஸ்பத்திரியோ செய்தால்தான் உண்டு. மும்பை டாடா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் என்ற ஆன்டிபாடியை மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. மலிவான மாத்திரைச் சிகிச்சையோடு இந்தத் துளியையும் சேர்த்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 43.4 விழுக்காடு, சேர்க்காதவர்களில் 16.3. 2023இல் வெளிவந்தது. முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்டதல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முழு அளவை வாங்க முடியாதவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்ற நிலை மாறியது.

பவானி

இதை நான் ஆயிரம் முறை ஆமோதிக்கிறேன். தொட்டியின் விளைச்சலை இருமடங்காக்க நாங்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைப்போம். டோஸைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கினால் அதே ஆலை பன்னிரண்டு மடங்கு பேருக்குப் பரிமாறும்.

கணக்கன்

இனி விலை இறங்க இன்னொரு வழியும் திறக்கிறது. பவானி சொன்ன 10 கோடி, 30 கோடி டாலரில் கணிசமான பகுதி, நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்து அசலோடு ஒப்பிடும் கடைசிக்கட்டச் சோதனைக்குப் போகிறது. பெரும்பாலான பயோசிமிலருக்கு அது தேவைப்படாது என்று பிரிட்டன் 2021லேயே சொல்லிவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் 2025 அக்டோபரில் அதே திசையில் வரைவு வெளியிட்டிருக்கிறது. ஆய்வகத்தில் சர்க்கரைச் சங்கிலி வரை அளந்து ஒப்பிட முடிகிறபோது மனிதரை வைத்து மங்கலாக ஒப்பிடுவது எதற்கு என்பது வாதம். 2028 வாக்கில் புற்றுக்கான ஆன்டிபாடி கீட்ரூடாவின் முக்கிய பேட்டன்ட் முடிகிறது. 2024இல் அது மட்டும் 2,950 கோடி டாலர் விற்றது. அதற்குள் தோலுக்கடியில் போடும் வடிவத்துக்கு 2025 செப்டம்பரில் அனுமதி வாங்கி, நோயாளிகளை அங்கே நகர்த்தப் பார்க்கிறார்கள்.

தொட்டிக்காரன்

சோதனை போனால் நுழைவது சுலபமாகும், பத்து பேர் வருவார்கள், விலை விழும். பிறகு அந்தப் பத்தில் தொட்டி நிரம்பாத ஆறு பேர் மூடிவிட்டுப் போவார்கள். மிஞ்சுகிற நாலு பேரில் ஒருவருக்கு ஜென்ஸைம் மாதிரி ஆனால்? மாத்திரை ஜெனரிக்கில் இந்தப் படம் ஏற்கெனவே ஓடிவிட்டது. இறங்குகிற விலையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன், ஆனால் டெண்டரில் ஒரே ஆளுக்கு மொத்தத்தையும் கொடுக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்காவது பிரித்துக் கொடுக்க வேண்டும், கொஞ்சம் விலை கூடினாலும்.

கணக்கன்

இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை.

மணிமுத்தாறு

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இரண்டு செய்தி. மிச்சத்தை எடுத்து வைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்திருக்கிறது, 'கேட்டால்தான் செய்வோம்' என்றார்கள். இனிமேல் சித்தி பெயர், கரைத்த தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைப்பதாகச் சொன்னார்கள். இன்னொன்று, வேறு ஓர் இந்திய பிராண்டின் விலையைச் சொன்னார்கள், இப்போது கொடுப்பதைவிடக் கணிசமாகக் குறைவு. மாற்றலாமா? பாதிச் சிகிச்சையில் பிராண்ட் மாறுவதில் தப்பில்லையா?

மருந்துக்கிடங்கு

டாக்டர் சரி என்றால் மாறலாம், பலர் மாறுகிறார்கள். வாணன் சொன்னதையும் பார்த்தீர்கள். அடிக்கடி முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். மாறுகிற அன்று டிஸ்சார்ஜ் சீட்டில் பிராண்ட் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதச் சொல்லுங்கள், வெறும் 'ட்ராஸ்டுசுமாப்' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றும்போது குளிர், நடுக்கம் ஏதாவது வந்தால் எந்தப் பேட்ச் என்று தேட அதுதான் வழி. எடுத்து வைக்கும் குப்பியில் கரைத்த தேதியோடு எந்தத் தண்ணீர் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பழைய பிராண்டின் மிச்சத்தைப் புது பிராண்டோடு சேர்த்து ஒரே பையில் ஏற்ற விடாதீர்கள். இதய எக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.